கடலில் ஒரு கல் வரப்பு

மெரினா கடற்கரையில் நடந்தால் கால் வலிக்கும். அவ்வளவு மணல்! அங்கிருந்து சில மைல் வடக்கே இருக்கிறது இராயபுரம். அங்கே கரையோரம் கருங்கல் குவியல்கள். அதில் அலை வந்து மோதுகிறது.

ஒரே ஊர், ஒரே கடல். ஏன் இந்த வித்தியாசம்?

மணல் நடக்கிறது!

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டில் பல மாதங்கள் தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் மணல் தெற்கே திரும்பும். ஆனாலும் வடக்கே போவதே அதிகம். ஒரு பிடி போனால் பின்னால் இன்னொரு பிடி வந்துவிடும். கரைக்கு நஷ்டம் இல்லை.

1870-களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் கற்சுவர் எழுந்தது. மணலின் வழி அடைபட்டது! தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே போன மணல் போனதுதான். இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மீனவர் குப்பங்களில் வீடுகள் போயின.

கரை நெடுகக் கல்லைக் கொட்டினார்கள். கல்லில் மோதித் திரும்பும் அலை, அடியில் உள்ள மணலை இழுத்துக்கொண்டு போனது. கல் சரிந்தது. மறுபடியும் கல்! சரி, படகை எங்கே இழுத்துப் போடுவது? வலையை எங்கே உலர்த்துவது?

உழவரின் உபாயம்

சரிவான வயலில் உழவர் என்ன செய்கிறார்? மழைநீர் மேல்மண்ணையும் உரத்தையும் அடித்துக்கொண்டு ஓடாமல் குறுக்கே வரப்பு போடுகிறார். நீரின் வேகம் குறைகிறது, மண் தங்குகிறது. கடலில் போடும் அத்தகைய வரப்புதான் 'தூண்டில் வளைவு'. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் மேடு அது.

சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் திட்டம் வகுத்தார்கள். 2004-ம் ஆண்டுவாக்கில் இராயபுரத்துக்கு வடக்கே பத்து வளைவுகள் கட்டப்பட்டன. அவற்றின் நடுவே மணல் சேர்ந்தது. படகுகளுக்கு இடம் கிடைத்தது.

ஆனால், இங்கே பிடித்த மணல் அடுத்த ஊருக்குப் போகாதே! கடைசி வளைவுக்கு அப்பால் அரிப்பு தொடங்கியது. அங்குள்ள குப்பத்து மக்களும், "எங்களுக்கும் வளைவு வேண்டும்" என்றார்கள். நியாயம்தானே? அங்கே கட்டினால், அதற்கும் வடக்கே உள்ளவர் என்ன செய்வார்?

விசாகப்பட்டினத்தில் வேறொரு வழி உண்டு. துறைமுகத்தருகே சேரும் மணலைத் தோண்டி, மணல் குறைந்த கரையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். செலவு பிடித்த வேலை. ஒரு தடவை கொட்டினால் போதாது; திரும்பத் திரும்பக் கொட்ட வேண்டும்.