திராட்சை ஈயின் காவல்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிட்டியது 2023-ல்தான். கனிந்த பழக் கூடையை மொய்க்கும் சிற்றீயின் இனத்துக்கோ அதற்கு முன்பே உலகப் புகழ் வந்துவிட்டது! அழுகற் பழத்தில் கிருமிகளோடு உழல்கின்ற அந்த ஈக்குப் பிறவிக் காவல் ஒன்றே துணை. 'டோல்' என்னும் ஜீன் பழுதுற்ற ஈக்கள் பூஞ்சணத்தால் மடிவதை 1996-ல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் கண்டனர். பல பாக்டீரியாக்களின் மேலுறையிலுள்ள கொழுப்புப் பொருளை எலியின் உடல் உணர்வது டோலை ஒத்த ஒரு புரதத்தாலேயே என்று 1998-ல் புரூஸ் பாய்ட்லர் காட்டினார். 2011-ல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

நம் உடலிலும் அதே ஏற்பாடுதான். கொடியைக் கவாத்துச் செய்பவர் விரலில் கத்தி பட்டதென்று வைத்துக்கொள்வோம். புகுந்த கிருமியின் பெயரும் குலமும் காவலணு அறியாது. மனித உடலில் இல்லாத அவ்வுறையைக் கண்டதுமே கூக்குரலிடும். ரத்தக் குழாய்கள் விரியும். விரல் சிவந்து கொதிக்கும். வெள்ளணுக்கள் திரண்டு வந்து கிருமிகளை விழுங்கும். சீழ் என்பது பெரும்பாலும் அப்போரில் மடிந்த வெள்ளணுக்களே.

அக்கூக்குரல் விரலோடு அடங்காமல் உடலெங்கும் பரவினால், குழாய்கள் யாவும் தளர்ந்து ரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். காவலே உயிருக்கு உலை வைக்கும். விரற்புண்ணுக்குப் பின் நடுக்கமும் மூச்சிரைப்பும் மயக்கமும் கண்டால், மஞ்சட்பற்றுப் போட்டு விடியும்வரை காத்திருத்தல் ஆகாது; அவ்விரவே மருத்துவமனை சேர வேண்டும்.