பூனைக்கு இன்சுலின்: ஒரு கோடு தவறினாலும் ஆபத்து

மைசூர் பாகு பிறந்த ஊர் இது. சர்க்கரை வியாதிக்கும் இங்கே பஞ்சமில்லை. மாமனாருக்கு மாத்திரை, மாமியாருக்கு ஊசி என்பது மைசூர்த் தமிழர் வீடுகளில் பழகிப்போன சங்கதி. சில வீடுகளில் மூன்றாவதாக ஒரு நோயாளியும் சேர்ந்துகொள்கிறது. அது அந்த வீட்டுப் பூனை.

"பூனைக்குக்கூடவா சர்க்கரை வியாதி?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. மனிதனுக்கு வருவது போலவே பூனைக்கும் வருகிறது. நடுவயதைத் தாண்டிய, உடல் பருத்த, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும் பூனைகளுக்கு அதிகம். அதிலும் கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு இன்னும் அதிகம். அரிப்புக்காகவோ வேறு நோய்க்காகவோ நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்ட பூனைக்கும் வரலாம்.

அடையாளம் கண்டுபிடிப்பது கடினமல்ல. தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகும். மண்தட்டு எப்போதும் ஈரமாக இருக்கும். நன்றாகச் சாப்பிட்டும் எலும்பு தெரிய இளைக்கும். நோய் முற்றினால் நரம்பு பாதித்து, பின்னங்கால்களின் குதிகால் தரையில் பட நடக்கும். அலமாரி மேல் தாவிய பூனை நாற்காலியில் ஏறவே திணறும்.

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு கட்டக்கூடாது. கூடையில் அடைத்து ஆட்டோவில் கொண்டுபோன பயத்திலேயே பூனையின் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும். ஆகவே சிறுநீரையும் சோதிப்பார்கள். கடந்த இரண்டு மூன்று வாரத்துச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் 'பிரக்டோசமின்' என்ற சோதனையும் உண்டு.

நாயிடம் பட்ட கடன்

மனிதனுக்கு இன்சுலின் கிடைத்ததே விலங்குகளின் தயவால்தான். 1889-ம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அறுத்து எடுத்தார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்தது. நோயின் மூலம் கணையத்தில் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. 1921-ல் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் நாய்களை வைத்தே இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போடப்பட்டது.

அதன்பின் பல பத்தாண்டுகள் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுத்தார்கள். மாட்டு இன்சுலினுக்கும் பூனை இன்சுலினுக்கும், 51 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றுதான் வேறுபாடு! இப்போது நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினையே தயாரித்துவிடுகிறார்கள். நம் பக்கத்து ஊரான பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2004-ல் இந்த மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மனிதனுக்கான மருந்து பூனையின் உடம்பிலும் வேலை செய்யும். அதனால்தான் மருந்துக் கடையில் தாத்தாவுக்கு வாங்கும் அதே அலமாரியிலிருந்து பூனைக்கும் வாங்க முடிகிறது.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாற்பதா, நூறா?

உலகின் பல நாடுகளில் மனிதருக்கான இன்சுலின் குப்பி என்றால் ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று ஒரே கணக்கு. நம் நாட்டில் அப்படி இல்லை. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிகளும் கடையில் உண்டு. 100 யூனிட் உள்ளவையும் உண்டு. பூனையின் உடம்பு இன்சுலினை வேகமாகச் செலவழித்துவிடும். ஆகவே நெடுநேரம் வேலை செய்யும் 'கிளார்ஜின்' போன்ற வகையைக் கால்நடை டாக்டர்கள் விரும்பி எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் 100 யூனிட் கணக்கில் வருவது. வீட்டுப் பெரியவரின் குப்பியோ 40 ஆக இருக்கலாம்.

இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. பொதுவாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாலை வெளிச்சத்தில், ஷிப்டு முடிந்து களைத்து வந்த கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரிந்தால் வியப்பில்லை. ஆகவே மூடியின் நிறத்தை நம்பாமல், சிரிஞ்சின் உடலில் அச்சடித்துள்ள எண்ணைப் படிப்பதே நல்லது.

மாறிவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 சிரிஞ்சில் ஒரு கோடு என்பது 0.025 மில்லி. அதில் 100 மருந்தை ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். திருப்பிப் போட்டு, 40 மருந்தை 100 சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் 0.4 யூனிட்தான் போகும், நோய் அடங்காது. டாக்டரும் வீட்டுக்காரரும் காரணம் தெரியாமல் தவிப்பார்கள்.

எழுபது கிலோ மனிதருக்கு ஒரு யூனிட் ஏறினாலும் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். நாலு கிலோ பூனையின் கதை வேறு. பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு யூனிட் அளவில்தான் டாக்டர்கள் தொடங்குகிறார்கள். அங்கே இரண்டரை மடங்கு என்பது உயிர்ப் பிரச்சினை.

ஆபீஸில் பைல் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு விஷயம் எளிதில் புரியும். சீட்டில் '1' என்று எழுதி, பக்கத்தில் யூனிட்டைக் குறிக்க ஆங்கில எழுத்து 'யு' மட்டும் போட்டால், அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யம் போல் ஆகி, 'பத்து' என்று படிக்கப்படும். மனிதர்களின் ஆஸ்பத்திரிகளிலேயே நடந்த தவறு இது. 'யூனிட்' என்று முழுச் சொல்லாக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அரை யூனிட் என்றால் 'அரை' என்றே எழுதிக்கொள்ளலாம். புள்ளி அழிந்தால் 0.5 ஐந்தாகிவிடும்.

கூடுவதைவிடக் குறைவதே கொடியது

பூனையின் ரத்தச் சர்க்கரை 350, 400 என்று காட்டும்போது வீட்டில் எல்லோருக்கும் கை பரபரக்கும். "இன்னும் ஒரு யூனிட் போட்டால் என்ன?" என்று தோன்றும். போடக்கூடாது. சாப்பிட்டுக்கொண்டு, வாந்தி இல்லாமல், சுறுசுறுப்பாக இருக்கும் பூனைக்கு ஒன்றிரண்டு நாள் சர்க்கரை கூடியிருப்பதால் உயிர் போய்விடாது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டால் சில மணி நேரத்தில் வலிப்பு வந்து உயிர் போகலாம். அளவைக் கூட்டுவது டாக்டரின் வேலை. அவரும் பல நாள் கணக்கைப் பார்த்து, அரை யூனிட், ஒரு யூனிட் என்றுதான் கூட்டுவார்.

சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள்: தள்ளாட்டம், சோர்வு, வெறித்த பார்வை, திடீர்ப் பசி, நடுக்கம், கடைசியில் வலிப்பு. பூனை விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு வைக்க வேண்டும். சாப்பிடாவிட்டால் தேனையோ கெட்டியான குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவ வேண்டும். வாயில் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பின்போது விரலைப் பல்லுக்கிடையில் விடவே கூடாது. முதலுதவி முடிந்த கையோடு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் சரி. அடுத்த ஊசி டாக்டரைக் கேட்டபின்தான்.

ஊசி போடும்போது பூனை துள்ளி, மருந்து பாதி ரோமத்தில் போய்விட்டதா? திரும்பப் போடக்கூடாது. காலையில் போட்டோமா இல்லையா என்று சந்தேகமா? அப்போதும் போடக்கூடாது. ஒரு வேளை தவறினால், அதைச் சேர்த்து அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடும் பேச்சே இல்லை.

நம் வீடுகளில் இந்தச் சந்தேகம் அடிக்கடி வரும். கணவர் காலை ஷிப்டுக்குப் போகுமுன் போட்டுவிட்டுப் போவார். அவர் மறந்திருப்பார் என்று நினைத்து மனைவியும் ஒன்று போடுவார். இதற்குச் சுலபமான வழி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். காலை, மாலை என்று தாளிலேயே எழுதி, ஊசி போட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்தும் விழுந்த பிறகுதான் தாளைக் கிழிக்கலாம். கிழித்த தாள்களை ஒரு கம்பியில் குத்தி வைத்தால் டாக்டருக்குக் காட்டவும் ஆகும்.

தயிர் சோறு படுத்தும் பாடு

பூனை மாமிசப் பிராணி. சோற்றிலுள்ள மாவுச்சத்து அதற்கு அதிகம் தேவையில்லை. ஆனால் நம்மவர் வீட்டுப் பூனைக்குப் பால்சோறும் தயிர் சோறும்தான் பல வீடுகளில் விதி. வீட்டில் சைவம் என்றால் சொல்லவே வேண்டாம். டப்பாவில் வரும் உலர்ந்த தீனியிலும் மாவு கலந்துதான் இருக்கும். சர்க்கரை வந்த பூனைக்கு முட்டை, மீன், கோழி, ஈரமான டப்பா உணவு போன்றவற்றை டாக்டர்கள் சிபாரிசு செய்கிறார்கள்.

ஆனால் இந்த மாற்றத்தை டாக்டருக்குத் தெரியாமல் செய்யக்கூடாது. நேற்றுவரை சோறு தின்ற பூனைக்கு இன்று மீன் மட்டும் வைத்து, இன்சுலினைப் பழைய அளவிலேயே போட்டால், நல்லது செய்யப் போய் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. இந்த வரிசை மாறக்கூடாது. பாதி தின்றால் எவ்வளவு போடுவது, ஒன்றும் தின்னாவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாந்தியும் எடுத்து, தின்னவும் மறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டிலேயே சர்க்கரை பார்க்கவும் முடியும். காதின் ஓரத்தில் மெல்லிய ஊசியால் குத்தினால் ஒரு சொட்டு ரத்தம் கிடைக்கும். மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும். ஆகவே எந்த மீட்டரில் பார்க்கிறோம் என்பதை டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு பாடும் வாழ்நாள் முழுவதும்தானா? அப்படியும் சொல்வதற்கில்லை. ஆரம்பத்திலேயே சரியான இன்சுலினும் சரியான சாப்பாடும் கிடைத்தால், சில பூனைகளுக்கு மாதக்கணக்கில் இன்சுலினே தேவைப்படாமல் போய்விடுகிறது. அந்த நேரத்தில் பழைய அளவையே கண்ணை மூடிக்கொண்டு போடுவது ஆபத்து என்பதாலும் வீட்டுப் பரிசோதனை அவசியமாகிறது. அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் பூனைக்கென்று வாய்வழி மருந்துகள் இரண்டுக்கு அனுமதி கிடைத்தது. அவை எல்லாப் பூனைக்கும் ஏற்றவை அல்ல. தாத்தாவின் சர்க்கரை மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுப்பது வேறு சங்கதி. அதைச் செய்யவே கூடாது.

குப்பியும் ஊசியும்

பிரிக்காத குப்பி பிரிஜ்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் கட்டும் அறைக்கு அருகில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். பூனையின் குப்பியில் பெரிதாகப் பெயர் எழுதித் தனி டப்பாவில் வைப்பது நல்லது. பெரியவரின் மருந்தோடு மாறினால் இருவருக்குமே கெடுதல்.

உபயோகித்த ஊசியைக் குப்பையில் போடக்கூடாது. 2016-ல் நாட்டின் மிகச் சுத்தமான நகரம் என்று மைசூருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள், காலையில் வீடு வீடாக வந்து குப்பை வாங்கும் பௌரகார்மிகர்கள். அந்தக் கைகளில்தான் ஊசி குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மூடி, ஊசியை வாங்கிக்கொள்ளும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடலாம்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்களுக்குத்தான் பெரிய கவலை. பூனையை ரயிலில் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடம் விட்டுச் செல்வது மேல். ஆனால் புறப்படுகிற அன்று சாவியோடு சிரிஞ்சையும் கொடுத்துவிட்டுப் போனால் காரியம் ஆகாது. ஒரு வாரம் முன்பிருந்தே, அவர் கையால், நம் கண்ணெதிரில் ஊசி போட்டுப் பழக வேண்டும். அளவையும் நேரத்தையும் அவர் படிக்கிற கன்னடத்திலேயே எழுதி ஒட்டிவிடலாம். பூனையையும் கொண்டு போகத்தான் வேண்டும் என்றால், மருந்தைக் குளிர்ந்த பிளாஸ்க்கில், ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும். சென்னை போகிறவர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மைசூர் டாக்டரின் சீட்டையும் காலண்டர் தாள்களையும் கையோடு கொண்டு போனால் அங்குள்ள டாக்டருக்கு வேலை சுலபம்.