ஃபோம் மெத்தையா, ஸ்பிரிங் கலந்ததா? – நாங்கள் மெத்தை வாங்கிய கதை

கல்யாணத்தில் என் அம்மா சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை எங்கள் வீட்டில் இருபத்தொரு வருஷம் இருந்தது. தெருவில் வில்லோடு வரும் பஞ்சு அடிப்பவரை வாசலில் உட்கார வைத்து, பக்கத்திலேயே நின்று அம்மா தைத்து வாங்கிய மெத்தை அது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சை அடித்து, புது உறை போடுவேன். மறுபடி புதுசு போல ஆகிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது அந்த மெத்தை போயிற்று. நாங்கள் இருப்பது எர்ணாவூர்ப் பக்கம், தரைத்தளம். தண்ணீர் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. அந்த வருஷம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுக்குள் வந்தது. முழங்கால் உயரத்துக்கு வந்த தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் கறுப்புக் கோடு நின்றது. சுண்ணாம்பு அடித்தும் அது முழுசாகப் போகவில்லை.

இலவம்பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரைத் தள்ளிவிடும், எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரில் மிதக்கும் என்பதால் ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். எங்கள் மெத்தையும் மிதக்கத்தான் செய்தது. ஆனால் எண்ணெயைக் குடித்துக் குடித்துக் கறுப்பாகி, நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் நகராத பாரமாகிவிட்டது. குப்பை வண்டியில் ஏற்றும்போது நான் உள்ளே போய்விட்டேன். பார்க்க மனசு வரவில்லை.

‘அத்தே, உங்களைத் தூக்கிட்டுப் போற அவசரத்துல மெத்தைய விட்டுட்டோம்’ என்று மாமியாரிடம் சொன்னேன். அவர், ‘என்னைத் தூக்கினு போறதே பெரிய பாடு. மெத்தைக்கு இன்னாம்மா, பணம் இருந்தா வாங்கிக்கலாம்’ என்றார்.

பணம் உடனே இல்லை. சீட்டு எடுக்கும் வரை ஆறு மாதம் பாயில்தான் படுத்தோம். இலவு காத்த கிளி மாதிரி நானும் அந்தச் சீட்டுக்காகக் காத்திருந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி அதிகமாகிவிட்டது. எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை அவருக்கு. பல வருஷம் பாரம் தூக்கிய உடம்பு. மாமியாருக்கோ முட்டி வலி. தரையில் படுத்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

சீட்டுப் பணம் இருபதாயிரம் கைக்கு வந்ததும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள கடைகளுக்கு நானும் அவரும் போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வியே, ‘முழுசும் ஃபோமா, இல்லே ஸ்பிரிங் கலந்த ஹைபிரிடா?’ என்பதுதான். எனக்கு அப்போது இரண்டும் ஒன்றுதான். விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை, என்னைப் போல் விழித்து நிற்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

இரண்டும் என்ன?

எங்கள் சின்ன வயதில் பஞ்சு அல்லாத மெத்தை எதுவானாலும் அதற்கு ‘டன்லப் மெத்தை’ என்றுதான் பெயர். அது ரப்பர் பாலை நுரைக்க வைத்துச் செய்தது. ரப்பர் தொழில் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். கம்பெனியாக வளர்ந்தது.

இன்று கடையில் வெறுமனே ‘ஃபோம்’ என்று சொல்வது பெரும்பாலும் பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களைத் தண்ணீரும் வேறு சில பொருள்களும் சேர்த்துக் கலந்தால், இட்லி மாவு பொங்குவது போல நுரைத்து எழும்பி இறுகும். இதில் பாலியாலை எங்களுக்குப் பக்கத்தில் மணலியிலேயே, மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் தொழிற்சாலையில் செய்கிறார்கள். நாம் படுக்கும் மெத்தையின் மூலப்பொருள் நம் ஊரிலிருந்தும் போகிறது என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஃபோமிலும் வகைகள் உண்டு. சாதாரண ஃபோம், நம் உடம்பின் அச்சுப்படி மெல்ல அமுங்கும் மெமரி ஃபோம் (1960-களில் அமெரிக்காவின் நாசாவுக்காக, விமான இருக்கையில் வைக்க உருவாக்கியது), வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டி அழுத்திய ரீபாண்டட் ஃபோம். கடைசியாகச் சொன்னது கெட்டியாக இருக்கும், அடிப்பகுதிக்கு ஏற்றது.

ஹைபிரிட் என்பது கீழே எஃகு ஸ்பிரிங், மேலே இரண்டு மூன்று அங்குலம் ஃபோம். நல்ல வகையில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப் பையில் இருக்கும். இதைத்தான் ‘பாக்கெட் ஸ்பிரிங்’ என்கிறார்கள். ஒன்று அமுங்கினாலும் பக்கத்தில் உள்ளது அசையாது. எல்லா ஸ்பிரிங்கையும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னிய பழைய வகை, ஒருவர் புரண்டால் மற்றவரை ஆட்டிவிடும்.

கடையில் படுத்துப் பார்த்தோம்

என் வீட்டுக்காரர் ஹைபிரிடில் ஐந்து நிமிடம் படுத்தார். எழுந்திருக்கவே மனசில்லை அவருக்கு. ‘இதையே போட்டுடலாம்டி’ என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஸ்பிரிங்குகளுக்கு நடுவே காற்று போவதால் சூடு ஏறாது. கனத்த உடம்புக்காரர்கள் ஆழமாகப் புதைய மாட்டார்கள். விளிம்பு கெட்டியாக இருப்பதால் ஓரத்தில் உட்கார்ந்து எழுவது சுலபம்.

ஃபோம் அப்படியல்ல. சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சித்திரை மாதத்து ராத்திரியில் கரண்ட்டும் போய்விட்டால் முதுகு நனைந்துவிடும். ஓரத்தில் உட்கார்ந்தால் சரியும். ஆனால் ஆட்டம் கிடையாது. அவர் முதல் ஷிப்டுக்கு விடிகாலை நாலரைக்கு எழுந்தாலும் என் தூக்கம் கலையாது. எடையும் குறைவு, எங்களுக்குச் சொன்ன கணக்கில் விலை பாதிதான்.

இடுப்பு வலிக்கு எது நல்லது? ‘கட்டாந்தரைதான் மருந்து’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்துச் சோதித்து, 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். மிகவும் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு 90 நாளில் வலி அதிகம் குறைந்திருந்தது. ஆக, கல் மாதிரியும் வேண்டாம், கொழகொழவென்றும் வேண்டாம். ஃபோமோ ஹைபிரிடோ, இரண்டிலும் நடுத்தரம் கிடைக்கிறது.

எங்களுக்கு முடிவு சொன்னது எது?

ஹைபிரிடைக் கடைப் பையன்கள் இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்ததை நான் கவனித்தேன். ‘தம்பி, இதை ரெண்டு பொம்பளைங்க மாடிப்படியில ஏத்த முடியுமா?’ என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். ‘மெத்தையை எதுக்கும்மா மாடிக்கு ஏத்தணும்?’ என்றார். எந்த ஏரியா என்று சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ‘அப்படின்னா ஸ்பிரிங் வேணாம்மா. தண்ணி பட்டா உள்ளே துரு பிடிச்சிடும், பிரிச்சுக் காய வைக்கவும் முடியாது. ஃபோமை எடுங்க, ஆபத்துக்குத் தூக்கிட்டு ஓடலாம்’ என்றார். அதிக விலையுள்ளதை விற்காமல் விட்ட அந்த நல்ல மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். கடற்கரை ஓரத்தில் நம் ஜன்னல் கம்பி இரண்டு வருஷத்தில் உரிந்து போகிறது. உப்புக் காற்று எஃகுக்குப் பகை. மெத்தை ஸ்பிரிங் உறைக்குள் மூடி இருப்பதால் அத்தனை வேகமாகக் கெடாது. ஆனால் ஈரம் ஒருமுறை உள்ளே இறங்கினால் வெளியே தெரியாமலே கெடும். மாடி வீட்டில், ஈரம் படாத இடத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்கள் தாராளமாக ஹைபிரிட் வாங்கலாம்.

நாங்கள் 6 அடிக்கு 5 அடியில் ஒரே மெத்தையாக வாங்கவில்லை. 6 அடிக்கு 3 அடியில் இரண்டு ஃபோம் மெத்தை, நடுத்தரக் கெட்டி, 5 அங்குலம். பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விலகாமல் இருக்க உறையில் நாடா தைத்து முடிந்துவிட்டேன். ஒன்றை நான் ஒருத்தியே தூக்கிவிடுவேன்.

மாமியார் கட்டிலுக்கு மட்டும் வேறு. அடியில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய தேங்காய் நார், மேலே ஒரு அங்குலம் ஃபோம். இதுவும் ஒரு கலப்பு மெத்தைதான். நம் ஊர் ஹைபிரிட் என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். விளிம்பு சரியாது, காற்றோட்டம் உண்டு, விலையும் குறைவு. மூன்றும் சேர்த்து சீட்டுப் பணத்துக்குள் அடங்கிவிட்டது.

எடை போட்டுப் பாருங்கள்

ஃபோமில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். தரம் என்பது அடர்த்தியில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அடர்த்தி. ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்று கடையில் சொல்வது இதைத்தான். வாயால் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? நீளம், அகலம், கனம் மூன்றையும் அடியில் பெருக்கி, 35-ஆல் வகுத்து, சொன்ன டென்சிட்டியால் பெருக்குங்கள். 6 அடி நீளம், 5 அடி அகலம், 5 அங்குல மெத்தை என்றால் 12½ கன அடி. 32 டென்சிட்டியானால் சுமார் 11½ கிலோ இருக்க வேண்டும்; 40 ஆனால் 14 கிலோவுக்கு மேல். உறையின் எடை தனி. ஒன்பது கிலோதான் நிற்கிறதென்றால் எங்கோ பொய் இருக்கிறது. கெட்டியாக இருப்பதெல்லாம் அடர்த்தி அல்ல என்பதையும் மறக்காதீர்கள்.

இன்னும் சில யோசனைகள்

* கடையில் கையால் அமுக்கிப் பார்த்தால் போதாது. வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

* வயதானவர் கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். கட்டிலும் மெத்தையும் சேர்ந்து முழங்கால் உயரம் இருந்தால் எழுவது சுலபம். எட்டு, பத்து அங்குல மெத்தை வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

* உத்தரவாதச் சீட்டை வாங்கும் முன்பே படியுங்கள். எத்தனை அங்குலம் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள், கறை பட்டால் உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள்.

* இலவம்பஞ்சை வெயிலில் போடுவது போல ஃபோமைப் போடாதீர்கள். வெயில் பட்டால் மஞ்சளாகி உதிரும். நிழலில் காற்றாட நிறுத்தினால் போதும். புதிதாகப் பிரித்ததும் வாடை போக இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

* விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். கடலோர ஈரக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி பெருகும். ஆஸ்துமா உள்ள வீட்டில் இது மிக முக்கியம்.

* கொசுவத்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள். ஃபோம் பற்றிக்கொண்டால் வரும் புகை நெருப்பைவிடக் கொடியது, விஷம்.

* கைக்குழந்தையைப் புதையும் மெத்தையில் படுக்க வைக்காதீர்கள். மூச்சு அடைக்கும். கெட்டியான சமதளத்தில், மல்லாக்க, தலையணை இல்லாமல் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு.

* வெள்ளத்தில் ஊறிய ஃபோமை ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும்.

இடுப்பு வலி மெத்தை மாற்றியதும் பறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலையில் விறைப்பு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப் போனாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும்; மெத்தைக் கடைக்கு அல்ல. வெயில் காலத்தில் ஃபோம் சுடத்தான் செய்கிறது. அதற்கு மேலே ஒரு கோரைப்பாயை விரித்துக்கொள்கிறோம். ஜம்மென்று இருக்கிறது.

2024 அக்டோபரில் கனமழை வருகிறது என்று எச்சரிக்கை வந்தது. நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மூன்று மெத்தைகளையும் பத்தே நிமிடத்தில் மேல் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். அன்று தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை. மறுநாள் மெத்தையை இறக்கிப் போட்டதும் மாமியார் அதைத் தடவிப் பார்த்தார்.

‘இந்த வாட்டி என்னை விட்டுட்டு மெத்தைய முதல்ல தூக்கிட்டீங்களே’ என்றார்.

‘நீங்க தானா நடந்து மாடி ஏறிட்டீங்களே அத்தே’ என்றேன். உண்மைதான். கட்டிலிலிருந்து யார் கையும் பிடிக்காமல் அன்று அவரே எழுந்து வந்திருந்தார்.