பாடாதே, பேசு

'ஜோக்கர்: ஃபோலி அ து' (2024) முடிந்து வெளியே வரும்போது, எனக்கு முன்னால் போன இளைஞர் கூட்டாளியிடம் சொன்னார்: "பாட்டாப் பாடியே கொன்னுட்டான்யா." இந்தக் கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு இப்படத்தைப் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

2019இல் வந்த முதல் படம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதே டாட் பிலிப்ஸ், அதே வாக்கின் ஃபீனிக்ஸ், கூடவே லேடி காகா. இருந்தும் இரண்டாவது படம் அதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் முக்கியமானது, குற்றக்கதை இசைப்படமாக மாறிப்போனது.

பாட்டு வந்தால் கதை நின்று கனவு தொடங்கும் என்பது நமக்குப் பழகின இலக்கணம்தான். அந்தக் கனவு இருவருக்கும் பொதுவானது என்று நம்புவதற்கும் பழகியிருக்கிறோம். இப்படத்தின் தலைப்பும் அதைத்தான் சொல்கிறது: இருவர் பகிர்ந்துகொள்ளும் பித்து. 1877இல் லாசெக், ஃபால்ரே என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோய்நிலை அது. ஆனால் பிரதிக்குள் நடப்பது வேறு. லீ காதலிப்பது ஜோக்கரை. ஆர்தர் ஃப்ளெக் என்கிற நோயாளியை அல்ல. பாட்டு, ஜோக்கரின் மொழியாக இருக்கிறது. ஆர்தர் பாடும்போதெல்லாம் அந்த முகமூடி அவன்மீது இன்னும் இறுக்கமாகப் படிகிறது.

காவலர்கள் அவனைச் சிதைத்து, அவனை நேசித்த இளம் கைதியையும் கொன்ற பிறகு, நீதிமன்றத்தில் அவன் ஒப்புக்கொள்கிறான்: ஜோக்கர் என்று யாருமில்லை, எல்லாம் செய்தது நான்தான். உடனே லீ எழுந்து போய்விடுகிறாள். பிறகு, முதல் படத்தில் அவன் ஆடிய அதே படிக்கட்டில் அவளைச் சந்திக்கிறான். அவள் பாடுகிறாள். அவனோ பாட வேண்டாம், என்னோடு பேசு என்று கெஞ்சுகிறான். அவள் போய்விடுகிறாள்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. பாட்டை வெறுத்தவர்கள் கேட்டது ஜோக்கரை. பாட்டோ ஜோக்கரேதான். கலகக்காரன் வேண்டும் என்று வந்தவர்கள், ஆர்தர் வேஷத்தைக் கலைத்ததும் லீயைப் போலவே எழுந்துபோனார்கள். 2019இல் அந்தப் படிக்கட்டு ஆட்டத்தில் மயங்கிக் கிடந்தவன் நானும்தான். ஒரு மனிதனின் சிதைவைக் கலகம் என்று பெயரிட்டு ரசித்திருக்கிறேன்.

குறையில்லாத படம் என்று சொல்ல வரவில்லை. பாட்டுகள் பெரும்பாலும் முனகலாகத் தொடங்கி, சூடு பிடிப்பதற்குள் அறுந்துவிடுகின்றன. மயக்கத்தை விமர்சிக்க வேண்டுமானால் முதலில் மயக்க வேண்டாமா? அதற்குப் படம் துணியவில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பாடாமல் பேச ஆசைப்பட்ட ஆர்தருக்கு, பேச ஒரு காட்சிகூட மிச்சம் வைக்காமல் இன்னொரு கைதியின் கத்தியால் கதையை முடித்துவிடுகிறார்கள். அவன் என்ன பேசியிருப்பான் என்பது நமக்கும் தேவைப்படவில்லை போலும்.