ராத்திரி அவிழ்த்து விடும் நாய்

2022 மே 30 அன்று பாலக்காடு மாவட்டம் மங்கரையில் கல்லூரிக்குப் புறப்பட்ட மாணவி ஒருவரை நாய் கடித்தது. தெருநாய் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் வளர்த்த நாய். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனார், தடுப்பூசி போட்டுக்கொண்டார், அடுத்த தவணைகளையும் விடாமல் போட்டார். ஒரு மாதம் கழியும் நேரத்தில் ரேபிஸ் அறிகுறிகள் தொடங்கின. ஜூன் 30 அன்று இறந்துபோனார். இருபது வயதுகூட ஆகவில்லை. காயம் ஆழமாக இருந்தது என்று பிறகு சுகாதாரத் துறை விளக்கம் சொன்னது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் நாய்த் தொல்லை என்று பேச்செடுத்தால் அது உடனே சந்தைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் மீன் கடைக்கும் போய்விடுகிறது. பேரூராட்சி ஏன் பிடிக்கவில்லை, ஏன் கருத்தடை செய்யவில்லை என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் கேட்பவர் வீட்டு முற்றத்தில் பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாய், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவிழ்த்து விடப்படுகிறது. காவலுக்கு என்று பேர். அது முற்றத்தோடு நிற்பதில்லை.

இந்த ஊரின் அமைப்பே அப்படி. குளச்சல் பக்கம் கடற்கரையில் இருப்பதுபோல வீடுகள் நெருக்கமாக இல்லை. விளவங்கோடு தாலுகாவில் ஒவ்வொரு வீடும் தன் விளைக்கு நடுவே நிற்கிறது. சுற்றிலும் ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி. ரோட்டோரத்தில் மதில் கட்டியவர்கள்கூட மற்ற மூன்று பக்கமும் வேலி போட்டிருப்பார்களா என்பது சந்தேகம். ஒரு விளையிலிருந்து அடுத்த விளைக்கு ஒற்றையடிப் பாதை ஓடுகிறது. மனிதர் நடக்கும் அந்தப் பாதை நாய்க்கும் பாதைதான். ராத்திரி பத்து மணிக்கு அவிழ்த்து விட்ட நாய் விடியுமுன் எங்கே போனது, எதோடு சண்டை போட்டது, எந்தக் கீரியை விரட்டியது என்று வளர்ப்பவருக்குத் தெரியாது. காலையில் வாசலில் படுத்துக் கிடக்கும், மறுபடியும் கட்டுவார்கள்.

அந்த நேரத்தில் வெளியே நடப்பவர்கள் யார் என்று பாருங்கள். ரப்பர் வெட்டப் போகிறவர் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார். வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும், அதனால்தான் அந்த நேரம். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே குனிந்தபடி போகிறார், கையில் வெட்டுக் கத்தி, கண் பட்டையில். இருட்டில் அசையும் அந்த வெளிச்சத்தைப் பார்த்து நாய் பாய்கிறது. திரும்பி ஓட இடமில்லை. காலடியில் சருகு, சரிவு, முந்தின மழையின் ஈரம். அவரைத் தவிர பால்காரர், பேப்பர் போடும் பையன், முதல் பஸ்ஸுக்கு நடக்கும் பெண்கள். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் கேரல் பாடுகிற பிள்ளைகள் நடு ராத்திரி வரை வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பேர்போன ஊர் அருமனை. அந்த நாட்களின் வெடிச் சத்தத்தில் மிரண்டு, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிற நாய்களும் உண்டு.

நாய் பாயும்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: “பேடிக்காண்டாம், அது ஒண்ணும் செய்யாது.” சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவரை அது ஒன்றும் செய்வதில்லை. அவர் பிள்ளைகளையும் செய்வதில்லை. ஆனால் சோறு போடுகிறவரிடம் நாய் நடந்துகொள்வதை வைத்து, தன் எல்லைக்குள் இருட்டில் நுழையும் அந்நியரிடம் அது என்ன செய்யும் என்று கணிக்க முடியாது.

கடி மட்டும்தான் ஆபத்து என்றால் தையலோடு முடிந்துவிடும். ரேபிஸ் அப்படியல்ல. அறிகுறி தோன்றிவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுவதும், காற்று பட்டால் உடம்பு உதறுவதும் தொடங்கிய பிறகு, எந்தப் பெரிய ஆஸ்பத்திரியாலும் வேதனையைக் குறைக்கத்தான் முடியும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாக வருகிறது. சந்தேகத்துக்கிடமான விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். குழந்தையின் முகமும் கழுத்தும் நாயின் வாய் எட்டும் உயரத்தில் இருக்கின்றன; அங்கிருந்து மூளைக்கு நரம்பு வழி மிகக் குறுகியது.

தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் நாய்க்கடி 4.8 லட்சத்தைத் தாண்டியது. ரேபிஸால் 43 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் அந்த ஆண்டு பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கும் மேல். இவற்றில் வீட்டு நாய் எத்தனை, தெருநாய் எத்தனை என்பது வேறு விஷயம். தெருவில் திரியும் வீட்டு நாயை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

ஏனென்றால் சட்டம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 2023-ல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. வளர்ப்பு நாய்க்குக் குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வது வளர்ப்பவரின் பொறுப்பு. நம்மூர் நாய் இரண்டுக்கும் நடுவே நழுவிவிடுகிறது. பிடிக்க வண்டி வந்தால் “அது எங்க வீட்டு நாய்” என்று தடுக்கிறோம். அதே நாய் யாரையாவது கடித்துவிட்டால் “அது சும்மா இங்கே வந்து கிடக்கும், எங்க நாய் இல்லை” என்று கை கழுவுகிறோம். ஆக, உள்ளாட்சியும் ஊசி போடுவதில்லை, வீட்டுக்காரரும் போடுவதில்லை. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது பல நாடுகளில் சோதித்துப் பார்த்த கணக்கு. கோவா அந்த வழியில் போய்த்தான் 2021-ல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று அறிவிக்கும் நிலைக்கு வந்தது. யாருடையது என்று தெரியாமல் பாதி நாய்கள் திரியும் ஊரில் அந்த 70-ஐ எட்டவே முடியாது.

கடித்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். குழாயடியில் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்று தெரியும். பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதையும் வைத்து அழுத்தக் கூடாது. அழுத்தினால் வைரஸ் இன்னும் உள்ளே போகும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்த வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாட்களாகும். அதுவரை காயத்திலுள்ள வைரஸை மடக்குவது இதுதான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் எப்போதோ போய்விட்டது. இன்று தோளில் போடும் சிறிய ஊசி, அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல். அந்தப் பழைய பயத்தில் இன்னும் கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலர் தப்புவதில்லை. கொல்லம் மாவட்டம் குன்னிக்கோட்டில் 2025 ஏப்ரல் 8 அன்று வீட்டு முற்றத்தில் நின்ற ஏழு வயதுச் சிறுமியைத் தெருநாய் கடித்தது. ஊசிகள் போடப்பட்டன. மே 5 அன்று திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தை இறந்தது. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடி அருமனைக்காரர்கள் ஓடுகிற இடம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். அதே வளாகம்தான் இது. இப்படி நடப்பது அரிது. இதைக் காட்டி யாரும் ஊசியை விட்டுவிடக் கூடாது, கடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோரைக் காப்பது அந்த ஊசிதான். ஆனால் கடித்தால் ஊசி இருக்கிறதே என்று நாயை அவிழ்த்து விடுகிறவருக்கு இந்த இரண்டு சாவுகளும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. ரேபிஸ் கண்ட நாயின் எச்சிலில் வைரஸ் வரத் தொடங்கினால், அந்தப் பத்து நாளுக்குள் அது நோயுற்றுச் செத்துவிடும். பத்து நாளும் நன்றாக இருந்தால் கடிபட்டவர் நிம்மதியாக மூச்சு விடலாம். (ஊசியை அதற்காகக் காத்திருந்து தள்ளிப்போடக் கூடாது, முதல் நாளே தொடங்க வேண்டும்.) கட்டி வளர்த்த நாய் என்றால் பத்து நாளும் கண்ணெதிரே இருக்கும். அவிழ்த்து விட்டது என்றால் எந்த விளையில் போய்ச் செத்ததோ. சில வீடுகளில் வழக்குக்குப் பயந்து, கடித்த அன்றே நாயை வேறு ஊருக்குக் கடத்திவிடுகிறார்கள். அடுத்தவர் உயிருக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

வழக்கு என்றதும் நினைவுக்கு வருவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய கவனம் எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியபோது நாயின் உரிமையாளர் கைதானார். 2025 ஆகஸ்ட்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். அதன் பிறகு சென்னை மாநகராட்சி, உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று கறாராக நின்றது. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, அது பணக்காரர் வளர்க்கும் வெளிநாட்டு நாய், நம்முடையது நாட்டு நாய் என்று ஆறுதல் கொள்வது தவறு. ரேபிஸுக்கு இனம் கிடையாது. 291-வது பிரிவிலும் நாயின் இனம் எதுவென்று எழுதியிருக்கவில்லை.

இதைப் படிக்கும் நாய்ப் பிரியர் கோபப்பட வேண்டாம். நாயின் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு அதேதான். பகல் முழுக்க இரண்டு முழம் சங்கிலியில் கிடந்து, ராத்திரி மட்டும் விடுதலை பெறும் நாய் அந்தப் பகல் முழுவதையும் எரிச்சலாகச் சேர்த்து வைக்கிறது. 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டிப்போட்ட நாய்க்குப் போதிய நடமாட்டம் தராததைக் கொடுமை என்றே வகைப்படுத்துகிறது. தொற்றுநோய் கண்ட விலங்கைத் தெரிந்தே தெருவில் விடுவதும், பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவதும் அதே பட்டியலில் இருக்கின்றன. பெண் குட்டி என்றால் சாக்கில் கட்டிச் சந்தை ஓரத்தில் விட்டுவிட்டு வருகிற பழக்கம் இங்கே இருக்கிறது. இன்று நாம் திட்டுகிற தெருநாய் பலவும் நேற்று ஒரு வீட்டுத் திண்ணையில் பிறந்தவைதான். நாயின் கர்ப்பம் இரண்டு மாதம். ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடலாம். கருத்தடை செய்யாமல் அவிழ்த்து விடும் ஒரே ஒரு நாய், பேரூராட்சியின் ஓராண்டு வேலையைக் கெடுக்கப் போதும்.

வடகிழக்கே காடு இருப்பதையும் மறக்கக் கூடாது. பேச்சிப்பாறைக்கு அப்பால் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். வீட்டு நாயின் நோய் காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1994-ல் தான்சானியாவின் செரங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்கள் மடிந்தன. காட்டோரக் கிராமங்களின் வீட்டு நாய்களிடமிருந்து பரவிய டிஸ்டெம்பர் வைரஸ்தான் காரணம்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. இரண்டு தென்னைக்கு நடுவே, ஆள் உயரத்தில் இறுக்கமாக ஒரு கம்பியை இழுத்து, அதில் வளையம் கோத்துச் சங்கிலியை மாட்டினால் நாய்க்கு முப்பது அடி ஓட இடம் கிடைக்கும். முற்றத்துக்குக் காவலும் ஆகும், பாதையில் போகிறவரை எட்டாது. காலையும் மாலையும் வாரைப் பிடித்து ஒரு நடை. மூன்று மாதக் குட்டிக்கு முதல் ரேபிஸ் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும். அரசு கால்நடை மருந்தகங்களில் ஜூலை 6-ம், செப்டம்பர் 28-ம் ஒட்டி இலவச முகாம்கள் நடக்கின்றன. ஜூலை 6, 1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இந்த ஊசியைப் போட்ட நாள். செப்டம்பர் 28 அவர் இறந்த நாள். முகாமுக்குப் போக முடியாவிட்டால் தனியாரிடம் சில நூறு ரூபாய்.

உங்கள் வீட்டில் நாய் இருந்தால், இன்று ராத்திரி சங்கிலியைக் கழற்றுமுன் அதன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டை இல்லை என்றாலோ, தேதி ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தாலோ நாளைக் காலையில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அட்டையில் எல்லாத் தேதியும் சரியாக இருந்தாலும், ராத்திரி அவிழ்த்து விடாதீர்கள்.