நெருப்பு அணைந்த பிறகும்

‘மான்செஸ்டர் பை த சீ’ படத்தைப் பார்த்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அண்ணன் மகன்மேல் அவ்வளவு பாசம் இருக்கிறதே, அவனுக்காகவாவது நாயகன் லீ சொந்த ஊரில் தங்கியிருக்கக் கூடாதா? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

கென்னத் லோனர்கன் எழுதி இயக்கிய இந்தப் படம் 2016இல் வந்தது. லீ, பாஸ்டன் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பழுதுபார்க்கும் ஆள். முன்பு ஒரு குளிர்கால இரவில், குடிபோதையில், கணப்பில் விறகைப் போட்டவன் அதன்முன் தடுப்பை வைக்க மறந்து கடைக்கு நடந்து போனான். திரும்பி வந்தபோது வீடு எரிந்துகொண்டிருந்தது. மூன்று குழந்தைகளும் இறந்துவிட்டார்கள். மறதி குற்றமில்லை, நீங்கள் போகலாம் என்று போலீஸ் சொல்லிவிட்டது. லீயால் தாங்க முடியாமல் போனது அந்த விடுதலையைத்தான்.

இனி உளவியலுக்கு வருவோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல்தான் பி.டி.எஸ்.டி. (மனக்காயத்துக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு) என்ற பெயரைத் தன் கையேட்டில் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நிலை அதற்குப் பெரிய காரணம். இன்று மருத்துவர்கள் அதன் அறிகுறிகளை நான்கு வகையாகப் பார்க்கிறார்கள்: நடந்தது அழைக்காமலே திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆட்களையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணம் இருண்டுபோவது, உடம்பு எப்போதும் விறைப்பாக, சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராக இருப்பது. திருடன் போய் வெகுநேரமான பிறகும் குரைப்பை நிறுத்தாத வீட்டு நாயைப் போன்ற நிலை இது. ஆபத்து நீங்கியது அறிவுக்குத் தெரியும். உடம்பு நம்ப மறுக்கும்.

இந்த நான்கையும் லீயிடம் பார்க்கலாம். ஊரை விட்டு வந்து ஒற்றை அறையில் முடங்குகிறான். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் அரை வார்த்தையில் முடிகிறது. மதுக்கடையில் ஒரு பார்வைக்காகக் கைகலப்பில் இறங்குகிறான். அந்தத் தீவிபத்து நமக்குக் காட்டப்படும் இடத்தையும் கவனியுங்கள். இறந்துபோன அண்ணனின் உயிலை வக்கீல் வாசிக்கிறார். பையனுக்கு நீதான் காப்பாளர் என்று தெரியவரும் கணத்தில், அந்த அலுவலகக் காட்சியைக் கிழித்துக்கொண்டு அன்றைய இரவு உள்ளே வருகிறது. மனக்காயத்தின் நினைவு வருவது இப்படித்தான்: நேரம் பார்க்காமல், துண்டு துண்டாக.

நம் படங்களில் இது வேறு மாதிரி நடக்கும். ‘அந்நியன்’ (2005) படத்தில் மருத்துவர் ஹிப்னாடிசம் செய்ததும், நாயகனின் தங்கை மின்சாரம் தாக்கி இறந்த நாள் முழுக்கதையாக வெளியே வருகிறது. கதை சொல்ல இது வசதியான வழி. ஆனால் காரணம் தெரிந்ததும் காயம் ஆறிவிடும் என்ற எண்ணத்தை இத்தகைய காட்சிகள் நமக்குள் ஊன்றிவிட்டன. லீக்குக் காரணம் முதல் நாளே தெரியும்!

துக்கமும் மனக்காயமும் ஒன்றல்ல என்பதையும் இதே படம் காட்டுகிறது. அண்ணன் மகன் பேட்ரிக்குக்குப் பதினாறு வயது. தரை உறைந்து கிடப்பதால் அப்பாவின் உடலை வசந்தகாலம் வரை குளிரறையில் வைத்திருக்கிறார்கள். அவன் கலங்காதவன்போல நண்பர்களோடு திரிகிறான். ஓர் இரவு ஃப்ரீசரைத் திறக்கும்போது உறைந்த கோழிக்கறிப் பொட்டலங்கள் கீழே விழ, மூச்சு முட்ட உடைந்து அழுகிறான். ஆனாலும் அவன் துக்கம் நகர்கிறது. அவன் வாழ்க்கையும் நகர்கிறது. லீயின் காலம் அந்தத் தீயிலேயே நின்றுவிட்டது.

லீயைப் போலக் கட்டடப் பராமரிப்பு வேலை பார்க்கும் இன்னொருவர் ‘தீபன்’ படத்தின் நாயகன். ஜாக் ஓதியார் இயக்கி, 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருது பெற்ற படம். முன்பு விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த எழுத்தாளர் ஷோபாசக்தியே தீபனாக நடித்தார். இலங்கைப் போரில் எல்லாம் இழந்த தீபன், கடவுச்சீட்டுக்காகக் கூட்டிய குடும்பத்தோடு பாரிஸ் புறநகருக்கு வந்து சேர்கிறார். அங்கும் போதைப்பொருள் கும்பல்கள் சுட்டுக்கொள்கின்றன. அப்போது அவர் முற்றத்தின் குறுக்கே தரையில் வெள்ளைக்கோடு ஒன்று போட்டு, இது போர் தவிர்ப்பு வலயம் என்று அறிவிக்கிறார். போர் நடந்த வன்னியில் அந்தச் சொல்லை நம்பிப் போன சனங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கோடு நெஞ்சை அறுக்கும். ஒரே காட்சியில் இரண்டு நாடுகள், இரண்டு காலங்கள்.

மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில் மீட்சிக்கு மூன்று கட்டங்களைச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைத்து அழுவது, பிறகு மனிதரோடு மறுபடி சேர்வது. தீபனுக்கு முதல் கட்டமே வாய்க்கவில்லை. போர்க் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார். அப்படியானால் ஆறுவதற்கும் சுற்றியிருப்பவர்கள் வேண்டும்.

முதல் கேள்விக்குத் திரும்பினால், லீ ஊரில் தங்காததற்குப் பாசக்குறைவு காரணமில்லை. ஒவ்வொரு தெருவும் அவனை எரிக்கிறது. பையனை நம்பகமான குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு, அவன் வந்து தங்கிப்போக ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டைத் தேடுகிறான். ஒற்றை அறை ஆளுக்கு அது மிகப் பெரிய முன்னேற்றம். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரையில் லீக்குக் கிடைக்காத உதவி நிஜத்தில் இருக்கிறது. மனக்காயத்தை மையமாகக் கொண்ட பேச்சு சிகிச்சைகளை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், “இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டிருக்கே?” என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் அதை நினைக்கவில்லை. அது அவரை விடவில்லை. இரவில் தூக்கம் வருகிறதா, எந்த இடம், எந்தச் சத்தம் தொந்தரவு செய்கிறது என்று கேளுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் கூடவே போங்கள்.