மத்தேயு விளைவும் முதல் வகுப்பும்

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை நாம் அறிவோம். ஐந்து தாலந்து பெற்றவனிடம் இறுதியில் பதினொன்று சேர்கின்றன. ஒன்றே பெற்றவன் வெறுங்கையனாய் நிற்கிறான். இந்நற்செய்தியாளரின் பெயரால் 'மத்தேயு விளைவு' என்றொரு சொல்லைச் சமூகவியலார் மெர்ட்டன் 1968இல் வழங்கினார். 1986இல் அதனை வாசிப்புத் துறையில் நிலைபெறச் செய்தவர் கீத் ஸ்டானோவிச் என்னும் உளவியலார்.

அவர் கூற்றின் சாரம் இது: தொடக்கத்திலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற குழந்தை மிகுதியாக வாசிக்கிறது, வாசிப்பதால் சொல்வளம் பெருகுகிறது, அவ்வளமே அடுத்த நூலை எளிதாக்குகிறது. தடுமாறும் குழந்தையோ நூலைக் கண்டு ஒதுங்குகிறது; ஒதுங்க ஒதுங்க இடைவெளி விரிகிறது. அமெரிக்காவில் 54 குழந்தைகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கோனி ஜூயல், முதல் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கிய குழந்தை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருக்கும் வாய்ப்பு 100க்கு 88 என 1988இல் எழுதினார். 'வளர வளரத் தானே வந்துவிடும்' என்று நம்மவர் கூறும் ஆறுதல் எத்துணை ஆபத்தானது!

வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருகிய பெருக்கற்பலன் என்பது கஃப், டன்மர் என்போர் 1986இல் கூறிய கருத்து. இரண்டில் ஒன்று சுழியமாயின் விடையும் சுழியமே. இலத்தீன் வழிபாட்டுக் காலத்தில் பீடச் சிறுவர் பலர் பொருளறியாமலே பதிலுரைகளைப் பிழையின்றி ஒப்புவித்ததைப் பெரியோர் நினைவுகூர்வர். அது வாசிப்பன்று.

தமிழுக்கு வருவோம். நம் எழுத்துகள் 247 எனினும் உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று ஆகியவற்றோடு உயிர்க்குறிகளையும் அறிந்தால் பெரும்பாலானவை கைவரும். ஆயினும் அக்குறிகளில் இடர் உண்டு. 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, ஒலியோ பின்னே வருகிறது. கு, சு, து, நு எனும் உகர வரிசையில் குறி எழுத்துக்கேற்ப உருமாறுகிறது. நம் எழுத்துமுறையை ஒத்த கன்னடத்தில் ஆராய்ந்த சொனாலி நாக், எழுத்தறிவு தொடக்க வகுப்புகளைக் கடந்தும் மெல்லவே நிறைவெய்துவதை 2007இல் காட்டினார். எனவே முதல் வகுப்பிலேயே 'எல்லா எழுத்தும் முடிந்துவிட்டது' எனும் அறிக்கையை நாம் எளிதில் நம்புவதில்லை.

வகுப்பு முழுதும் ஒரே குரலில் பாடத்தை முழங்குவது கேட்க இனிது. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை அம்முழக்கத்தில் இனிதே ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து, பாடத்தில் இல்லாத நான்கைந்து சொற்களையும், பொருளற்ற 'கெடூமி' போன்ற ஒன்றிரண்டையும் காட்டினால் உண்மை வெளிப்படும். மனப்பாடம் அங்கே உதவாது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்ததும் நல்ல போக்கே. நிலையறியாமல் கற்பிப்பது நோயறியாமல் மருந்தளிப்பதற்கு ஒப்பாகும்.

இல்லத்திற்கும் பங்குண்டு. குழந்தை பேசுவது 'வந்துட்டான்'. நூலில் இருப்பது 'வந்துவிட்டான்'. நூல்தமிழைக் காதால் கேளாத குழந்தைக்கு அது அயல்மொழி போலவே தோன்றும். ஆதலின் மாலைச் செபம் முடிந்தபின் பத்து நிமிடம் ஒரு கதையை உரக்கப் படித்துக்காட்டுங்கள். எழுத்தறியாத தாயும் வருந்த வேண்டியதில்லை. குழந்தை வாசிப்பதைக் கேட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று வினவட்டும். விடை வராவிடில், பிள்ளை ஒலித்ததேயன்றி வாசிக்கவில்லை என்பது அவருக்கே விளங்கிவிடும்.